ஒரு .22 சப்ரசருக்குப் புதுப்பூச்சும் வீட்டுக்குள் வந்த காரீயமும்: நிகழ்வு ஆய்வு

இது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 2025-ல் நடந்தது. சப்ரசர் என்பது துப்பாக்கியின் வாயில் மாட்டி வெடிச்சத்தத்தைக் குறைக்கும் குழல். .22 என்பது சிறிய ரகத் தோட்டாவின் அளவு. துப்பாக்கியின் உரிமையாளர் எங்கள் தொழிற்சாலையின் லேத் பட்டறையில் வேலை செய்பவர். நான் அதே ஆலையில் பணியிடப் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். தூசு, புகை, இரைச்சல் இவற்றை அளப்பதுதான் என் வேலை. அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஈயம் என்றதும் நம்மில் பலருக்கு ரசம் வைக்கும் ஈயச் சொம்புதான் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். இங்கே பேசப்போவது காரீயம். பெயரில் உறவு உண்டே தவிர இரண்டும் வேறு வேறு உலோகங்கள். காரீயத்தால் உடம்புக்கு எந்தப் பயனும் இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லும்படி ஓர் அளவு இதுவரை கண்டறியப்படவில்லை.

பின்னணி

உரிமையாளருக்கு அப்போது வயது 38. பட்டறை இரைச்சலில் பல வருடம் இருந்ததால் காதுக்குள் ஓயாத ரீங்காரம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனாரின் நிலத்தில் .22 ரைஃபிளால் காகித இலக்குகளைச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. போல்ட்டைக் கையால் இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் ரகம். இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்றுதான் சப்ரசர் வாங்க முடிவு செய்தார். அந்த முடிவில் எனக்கு இன்றும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சப்ரசரை அந்நாட்டுச் சட்டம் சைலன்சர் என்றே அழைக்கிறது. 1934-ம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்படி ஒவ்வொன்றும் மத்திய அரசின் பதிவேட்டில் ஏற வேண்டும். இவர் 2022-ல் கடையில் பணம் கட்டி, படிவம் 4-ஐ நிரப்பி, கைரேகையும் புகைப்படமும் கொடுத்து, 200 டாலர் வரியும் செலுத்தினார். ஒப்புதல் வர எட்டு மாதத்துக்கு மேல் ஆனது. (அந்த வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். பதிவும் ஒப்புதலும் மட்டும் முன்போலவே தொடர்கின்றன.) பதிவு அவர் ஒருவர் பெயரில்தான். ஆகவே அவர் இல்லாத நேரத்தில் வேறு யார் கையிலும் அது இருக்கக் கூடாது. பெட்டகத்தின் சாவியை மனைவியிடம்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தார். சட்ட விஷயத்தில் அவ்வளவு கவனமானவர். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் குணத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அந்தக் குழலுக்குள் என்ன நடக்கிறது

தோட்டா வெடித்ததும் பின்னாலிருந்து தள்ளும் சூடான வாயு, குழல்வாயில் திடீரென்று விடுபடுவதால்தான் சத்தம் வருகிறது. சப்ரசர் அந்த வாயுவை அறை அறையாகத் தேக்கி, ஆறவிட்டு, மெல்ல வெளியே விடுகிறது. அறைகளைப் பிரிப்பவை கிண்ணம் போன்ற தடுப்புகள். பாஃபிள் என்பார்கள். வெறும் .22 ரைஃபிளின் வெடிப்பு சுமார் 140 டெசிபல். நல்ல சப்ரசரோடு, ஒலியின் வேகத்துக்குக் கீழே பறக்கும் தோட்டாவைப் போட்டால் அது 120-ஐ ஒட்டி வந்துவிடும். ஒரே வெடிப்பில் காதைக் கெடுக்கும் எல்லை என்று 140-ஐத்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

பெரிய துப்பாக்கிகளின் குண்டுகளுக்குப் பெரும்பாலும் செம்பு உறை உண்டு. .22 ரிம்ஃபயரில் குண்டு பெரும்பாலும் மொட்டைக் காரீயம், மேலே மெழுகுப் பூச்சு. விளிம்பில் அடிபட்டதும் தீப்பற்றும் மருந்திலும் வழக்கமாகக் காரீயச் சேர்மம் இருக்கும். குண்டு பாயும்போது அதன் அடிப்பாகம் சூட்டில் கொஞ்சம் உருகி ஆவியாகி, குளிர்ந்த பாஃபிளில் பட்டதும் படிந்துவிடுகிறது. மேலே கரி, அதன்மேல் மறுபடி காரீயம். சமையலறைப் புகைபோக்கியில் எண்ணெய்ப் பிசுக்கு அடை அடையாக ஏறுவது போலத்தான். அதனால்தான் ரிம்ஃபயர் சப்ரசர்களைப் பெரும்பாலும் உரிமையாளரே கழற்றித் துடைக்கும்படி செய்கிறார்கள். சில நூறு தோட்டாக்களுக்கு ஒருமுறை கழற்றச் சொல்வது வழக்கம்.

இவர் இரண்டு வருடத்தில் சுமார் 7,000 தோட்டாக்கள் சுட்டிருந்தார். கழற்றியது ஒரே ஒரு முறை.

ஏப்ரல் 2025: பூச்சு வேலை

குழலின் வெளிப்புறக் கறுப்புப் பூச்சு உரசி உரசி அலுமினியம் வெளுத்துத் தெரிய ஆரம்பித்திருந்தது. கடைசல்காரர் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. செராகோட் எனப்படும் பீங்கான் கலந்த பூச்சு அடிக்கத் தீர்மானித்தார். அது ஒட்ட வேண்டுமானால் முதலில் அலுமினியம் ஆக்சைடு மணலைக் காற்றழுத்தத்தில் வீசிப் பழைய பூச்சைச் சுரண்டி, பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். பிறகு தெளித்து, 121 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சுட வேண்டும்.

இதற்கெல்லாம் வசதி உள்ள நண்பர் ஒருவர் ஊருக்கு வெளியே தனிக்கொட்டகை வைத்திருந்தார். குழலை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அந்த நண்பருக்குத் துப்பாக்கித் தொழில் உரிமம் இல்லை. பதிவில்லாத ஒருவரிடம் ஒரு ராத்திரி விட்டாலும் சட்டப்படி அது கைமாற்றிக் கொடுத்ததாகலாம். இந்தச் சட்டத்தை மீறினால் பத்து வருடம் வரை சிறை. இவர் சரியாகவே மறுத்தார். நண்பரின் மணல்வீச்சுப் பெட்டியை மட்டும் இரவல் வாங்கி வந்து, தன் வீட்டோடு ஒட்டிய கராஜில் வைத்தார். சட்டத்துக்குப் பயந்து எடுத்த அந்தச் சரியான முடிவுதான் வேலையைக் குழந்தை இருக்கும் கூரைக்குக் கீழே கொண்டுவந்தது.

அந்த வாரம்தான் அவர் என் மேசைக்கு வந்து, மணல் வீசும்போது எந்த முகமூடி போடலாம் என்று கேட்டார். அரைமுக மாஸ்க்கில் நுண்தூசைத் தடுக்கும் பி-100 வடிகட்டி போடச் சொன்னேன். சிலிக்கா மணல் வேண்டாம், அலுமினியம் ஆக்சைடு சரி என்றேன். எதைத் தேய்க்கப் போகிறார் என்று கேட்கவில்லை. ஆலையில் யார் இப்படி வந்து கேட்டாலும் என் முதல் கேள்வி "எந்தப் பொருள்?" என்பதாகத்தான் இருக்கும். வீட்டு வேலை என்றதும் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. இந்த நிகழ்வில் என் பங்கு அது.

பாஃபிள்கள் காரீயத்தில் இறுகி, குழலை விட்டு வர மறுத்தன. மரக்கட்டையால் தட்டி வெளியே எடுத்தார். உள்ளே ஏறியிருந்த அடையைக் கம்பித் தூரிகையால் உலர்ந்த நிலையிலேயே சுரண்டினார். பிறகு குழலின் உள்ளும் புறமும் மணல் வீசினார். பெட்டியின் தூசை இழுத்தது சாதாரணப் பட்டறை வாக்குவம். நுண்தூசைப் பிடிக்கும் வடிகட்டி அதில் இல்லை. இழுத்த நுண்தூசைப் பின்பக்க ஓட்டை வழியாகக் கராஜுக்குள்ளேயே விட்டது. மூன்று மாலைகள் வேலை நடந்தது. ஒவ்வொரு மாலையும் அதே காலுறையோடு துணி துவைக்கும் அறை வழியாக வீட்டுக்குள் போனார். அழுக்குச் சட்டை குழந்தையின் துணிகளோடு ஒரே இயந்திரத்தில் விழுந்தது.

பாஃபிள்களில் மிச்சமிருந்த காரீயத்தைக் கரைக்க, சுடுவோரிடையே பரவலாகப் புழங்கும் ஒரு வழியைப் பிடித்தார். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலில் ஊறப்போடுவது. காரீயம் கரையத்தான் செய்யும். ஆனால் கரைந்து கிடைப்பது காரீய அசிடேட். கண்ணுக்குத் தண்ணீர் போலத் தெரியும், நாவுக்கு இனிக்கும். ஐரோப்பாவில் அதைக் காரீயச் சர்க்கரை என்றே அழைத்திருக்கிறார்கள். உலோகக் காரீயத்தைவிட எளிதாக உடம்பில் சேரக்கூடியது, தோல் வழியாகவும் ஓரளவு போகும். அந்தக் கரைசல் மூடி போட்ட ஊறுகாய் பாட்டிலில், பெயர்ச்சீட்டு இல்லாமல், கராஜின் கீழ்த்தட்டில் ஆறு வாரம் இருந்தது. இதை எழுதும்போதும் என் கை ஒரு நொடி நிற்கிறது.

மே 2025: குழந்தையின் பரிசோதனை

மகனுக்கு இரண்டு வயது நிறைந்தபோது வழக்கமான பரிசோதனையில் விரல் நுனியில் ரத்தம் எடுத்தார்கள். காரீயம் அதிகம் என்று வந்தது. விரல் தோலில் ஒட்டிய தூசாலும் அப்படி வரலாம் என்பதால் கை ரத்தக்குழாயிலிருந்து எடுத்து மறுபடி சோதித்தார்கள். டெசிலிட்டருக்கு 7.2 மைக்ரோகிராம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் கவன எல்லை 3.5.

குழந்தை சாதாரணமாகத்தான் இருந்தான். நன்றாகச் சாப்பிட்டான், ஓடினான். இந்த அளவில் வெளியே எதுவும் தெரியாது. பாதிப்பு பின்னால் கற்றலிலும் கவனத்திலும் தெரியவரலாம் என்பதால்தான் அறிகுறிக்குக் காத்திராமல் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள்.

சுகாதாரப் பணியாளர் தொலைபேசியில் கேள்விப்பட்டியல் ஒன்றை வாசித்தார். வீடு எப்போது கட்டியது? 2006. காரீயப் பெயின்ட் அங்கே 1978-லேயே வீடுகளில் தடைசெய்யப்பட்டுவிட்டது. குடிநீர்க் குழாய், வெளிநாட்டுப் பொம்மை, கலப்படம் உள்ள மஞ்சள்தூள், கண்மை எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை. தகப்பனாரின் பொழுதுபோக்கில் காரீயம் உண்டா? "இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. காரீயம் என்றால் தூண்டில் எடையும், குண்டு வார்ப்பதும்தான் அவர் மனதில் வந்தன. சப்ரசர் அவருக்கு ஒலி சம்பந்தப்பட்ட பொருள், சட்டம் சம்பந்தப்பட்ட பொருள். அதைக் காரீயம் தேங்கும் பாத்திரமாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

இரண்டு நாள் கழித்து மதிய உணவின்போது என்னிடம் வருத்தப்பட்டுச் சொன்னார். ஏப்ரலில் மணல் வீசியது எந்தப் பொருள்மீது என்று அப்போதுதான் கேட்டேன்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அன்று மாலையே கராஜுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கதவைப் பூட்டச் சொன்னேன். பெருக்க வேண்டாம், வாக்குவம் போட வேண்டாம் என்றேன். கையில் துடைப்பத்தோடு நிற்கும் ஒரு தகப்பனிடம் சும்மா இரு என்று சொல்வது கடினம். ஆனால் உலர்ந்த தூசைக் கிளப்பினால் அது மறுபடி எங்கும் போய்ப் படியும். முதலில் அளந்துவிட வேண்டும் என்பது என் முடிவு.

ஈரத் துடைப்பான்களால் ஒவ்வொரு சதுர அடியாகத் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். மணல்வீச்சுப் பெட்டியின் அடியில் 410 மைக்ரோகிராம். துணி துவைக்கும் அறை வாசற்படியில் 38. சமையலறைத் தரையில் 11. குழந்தையின் படுக்கையறையில் அளவிடும் எல்லைக்குக் கீழே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-ல் கொண்டுவந்த விதியில் வீட்டுத் தரைக்கு வைத்த எல்லை 5. எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் காலடித்தடம் போலவே வழி தெரிந்தது.

பெரியவர்கள் இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். அவருக்கு 14, மனைவிக்கு 4. தூசின் நடுவே நின்றவர் என்று பார்த்தால் 14 குறைவுதான், முகமூடி தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் அது அணிந்தவர் மூச்சை மட்டுமே காத்தது. தரையில் விழுந்த தூசு, தரையில் விளையாடி விரலை வாயில் வைப்பவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

சுத்தம் செய்யும் வேலையை நாமே செய்யலாமா, ஆள் வைக்கலாமா என்று யோசித்தோம். கராஜுக்கு உரிமம் பெற்ற காரீய அகற்றல் நிறுவனத்தை அழைத்தார்கள். செலவு சப்ரசரின் விலையைப் போல மூன்று மடங்கு. வீட்டுக்குள் அவர்களே நுண்வடிகட்டி உள்ள வாக்குவத்தாலும், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியாலும், சோப்புத் தண்ணீருக்கு ஒன்று, அலசுவதற்கு ஒன்று என்று இரண்டு வாளி முறையில் துடைத்தார்கள். குழந்தையும் தாயும் அந்தப் பத்து நாள் பாட்டி வீட்டில் இருந்தார்கள். பூச்சைச் சுட்ட பழைய டோஸ்டர் அடுப்பு வெளியே போனது. ஊறுகாய் பாட்டிலை இரட்டைப் பையில் வைத்து மாவட்டத்தின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்தார்கள். சாக்கடையில் ஊற்றுவது அப்போதும் இப்போதும் எப்போதும் தவறு.

மருத்துவர் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. காரீயத்தை ரத்தத்திலிருந்து இழுக்கும் மருந்துகள் 45-ம் அதற்கு மேலும் உள்ள அளவுகளுக்கானவை. இந்த அளவில் மூலத்தை அகற்றுவதுதான் சிகிச்சை. இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமல் உணவு கொடுக்கச் சொன்னார். அவை குறைந்த உடம்பு காரீயத்தை அதிகம் உறிஞ்சும்.

சப்ரசரின் நிலை

வீடு ஒரு நிலைக்கு வந்த பிறகு ஜூன் கடைசியில்தான் அந்தக் குழலை எடுத்துப் பார்த்தோம். புதிதாக வாங்கியபோது 128 கிராம் இருந்தது என்று ரசீதோடு வந்த தாளில் இருந்தது. ஏப்ரலில் பிரிக்குமுன் அவர் ஒரு ஆர்வத்தில் எடை போட்டுக் குறித்திருந்தார்: 187. ஆக 59 கிராம் கரியும் காரீயமும். ஒரு குண்டு 2.6 கிராம் என்றால் 7,000 குண்டுகளில் அந்தக் குழல் வழியே போனது 18 கிலோ காரீயம். அதில் முந்நூறில் ஒரு பங்கு அளவுதான் உள்ளே தங்கியிருந்தது. அதுவே இவ்வளவு செய்துவிட்டது.

அந்த 187 என்ற எண் ஏப்ரலிலேயே அவர் நோட்டில் இருந்தது. 59 கிராம் எங்கிருந்து வந்தது என்று அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பூச்சு பார்க்க அழகாக, மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தது. ஆனால் இரண்டு கோளாறுகள். முதலாவது, வரிசை எண். சட்டப்படி அந்த எழுத்துக்கள் குறைந்தது 0.003 அங்குல ஆழம் இருக்க வேண்டும், அதாவது 0.076 மில்லிமீட்டர். மணல்வீச்சு ஓரங்களைத் தேய்த்துவிட்டது, அதன்மேல் சுமார் 0.025 மில்லிமீட்டர் பூச்சு உள்ளே நிரம்பிவிட்டது. சாய்த்துப் பிடித்தால்தான் எண் தெரிந்தது. மணல் வீசுமுன் எண்ணின்மேல் ஒரு துண்டு நாடா ஒட்டியிருந்தால் போதும். இரண்டாவது, பாஃபிள்களில் முதல் ஒன்று மட்டுமே எஃகு, மற்றவை அலுமினியம். வினிகர்க் கரைசல் அலுமினியத்தை அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழச் செய்திருந்தது. குண்டு போகும் துளையின் ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் அது உரசவும் கூடும்.

அவர் கடைசல்காரர். புது பாஃபிள் செதுக்கும் கைத்திறன் அவருக்கு உண்டு, எண்ணை ஆழப்படுத்தவும் தெரியும். இரண்டையும் செய்ய வேண்டாம் என்று முடிவு செய்தார். சப்ரசருக்காகவே செய்த ஓர் உதிரிப் பாகம், தனியாக இருந்தாலும், அமெரிக்கச் சட்டப்படி அதுவே ஒரு சைலன்சர். பதிவில்லாமல் ஒரு பாஃபிளைச் செய்து வைத்திருப்பதும் முழுச் சப்ரசரைக் கள்ளத்தனமாகச் செய்வதும் சட்டத்தின் பார்வையில் ஒன்று. வரிசை எண்ணில் கை வைப்பது அதைவிடக் கனமான சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். ஆகவே உரிமம் பெற்ற உற்பத்தியாளருக்கே கடிதம் எழுதி, பழுதுபார்க்க அனுப்பினார். அதற்குப் படிவம் 5 (வரியில்லாக் கைமாற்றத்துக்கான விண்ணப்பம்) கட்டாயமில்லை. ஆனாலும் அரசுத் துறை பரிந்துரைக்கிறது என்பதால் அதையும் நிரப்பினார். உள்ளே காரீயம் இருக்கிறது என்று பொதியின் மேலும் கடிதத்திலும் எழுதச் சொன்னது நான். அங்கே பிரிப்பவருக்கும் வீடு உண்டு.

அக்டோபரில் திரும்பி வந்தது. பூச்சு நீக்கி, எண் தெளிவாகத் தெரியும்படி மறுபூச்சு அடித்து, பாஃபிள்கள் எல்லாம் எஃகில் மாற்றியிருந்தார்கள்.

பின் விளைவு

ரத்தத்திலுள்ள காரீயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும். ஆனால் எலும்பில் சேர்ந்தது வருடக்கணக்கில் மெல்லத் திரும்பி வரும், அதனால் எண் நேர்கோட்டில் இறங்காது. மகனுக்கு ஆகஸ்டில் 5.0, நவம்பரில் 3.6, 2026 பிப்ரவரியில் 2.9. தகப்பனாருக்கு நவம்பரில் 6. சமையலறைத் தரையில் மறுபடி துடைத்து அனுப்பியதில் 5-க்குக் கீழே வந்தது. குழந்தையின் வளர்ச்சியை மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். பேச்சு வயதுக்கேற்ப வருகிறது என்கிறார்.

மனைவி ரைஃபிளை விற்கச் சொல்லவில்லை. அதைப் பற்றி நான் கேட்டபோது, "ஒளித்து வைத்துப் பழகினால் அடுத்த முறை எனக்குத் தெரியாமல் நடக்கும்" என்றார். அந்த வீட்டில் காரீயத்தைப் பற்றி எல்லோரைவிடவும் தெளிவாகப் பேசுபவர் இப்போது அவர்தான்.

இனி மாற்றுவது

அவர் இப்போது முந்நூறு தோட்டாக்களுக்கு ஒருமுறை மாமனாரின் நிலத்திலேயே, வெளியே, சப்ரசரைப் பிரிக்கிறார். நைட்ரைல் கையுறை போட்டு, எண்ணெயில் நனைத்துத்தான் சுரண்டுகிறார். உலர்ந்த தூரிகை கிடையாது, வினிகர்க் கரைசல் கிடையாது. துடைத்த துணி பையில் கட்டப்பட்டு அபாயக் கழிவுக்குப் போகிறது. கையை வெறும் சோப்பால் கழுவினால் காரீயம் முழுவதும் போகாது என்பதால் அதற்கென்றே விற்கும் துடைப்பான் வண்டியில் இருக்கிறது. காலணியும் மேல்சட்டையும் அங்கேயே மாற்றப்படுகின்றன. பூச்சு மறுபடி உரசினால் உற்பத்தியாளரிடமோ உரிமம் உள்ள பூச்சுக்காரரிடமோதான் கொடுப்பார்.

ஆலையில் நான் ஒரு மாற்றம் செய்தேன். முகமூடி கேட்டு வருபவருக்கான பதிவுத்தாளில் முன்பு இருந்தது "பணியிடம்" என்ற கட்டம். இப்போது அதற்கு மேலே இரண்டு கட்டங்கள்: "எந்தப் பொருள்மீது?" "அந்த இடத்தில் யாரெல்லாம் நடமாடுவார்கள்?" வீட்டு வேலைக்கென்று வந்தாலும் இரண்டையும் நிரப்பாமல் மாஸ்க் கொடுப்பதில்லை. இதுவரை நாலு பேர் வீட்டு வேலைக்கென்று வந்தார்கள். அதில் ஒருவர் பழைய வீட்டு ஜன்னல் பெயின்ட்டைச் சுரண்டப் போகிறவர். வீடு 1961-ல் கட்டியது, உள்ளே கைக்குழந்தை. அவரை உட்காரவைத்துப் பேசினேன், வேலை ஒரு வாரம் தள்ளிப்போனது.